பண்ணைக்காரர் வீட்டுத் தொட்டி

குளத்தில் நாற்பது ஐம்பது மீன்கள் செத்து மிதந்தன. ஆனால் கரையில் நாற்றமே இல்லை. நாற்றம் வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

அவள் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு. செத்த மீன்களை அறுத்துப் பார்த்து மாதிரி எடுத்து வைக்கச் சொல்லி, பேராசிரியர் அவளை மீன் பண்ணையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஐந்து மணிக்குத்தான் வண்டி வரும்.

கத்தி பட்டதுமே மீனின் வயிறு பழுத்த கட்டிபோல உடைந்து, சாம்பல் நிறக் கூழ் கையுறைமேல் வழிந்தது. ஈரல் எது குடல் எது என்று விரலால் துழாவியபோதுதான் அது வெதுவெதுப்பாக இருப்பது உறைத்தது.

“என்ன டாக்டரம்மா, கண்டுபிடிச்சிட்டீங்களா?” பண்ணைக்காரர் பக்கத்தில் வந்து குந்தினார். இன்னும் பாஸாகவில்லை, இருந்தாலும் அந்த ‘டாக்டரம்மா’ காதுக்கு இனித்தது.

“லேப்ல பாத்தாதான் தெரியும்ங்க.”

“சரி. கையோட எங்க வீட்டுக்காரியையும் ஒரு எட்டு பாத்துடுங்க. நாலு நாளா ஒண்ணும் சாப்பிடல.”

“ஐயோ, நான் ஆடு மாடு பாக்கப் படிக்கிறவ. அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“போனோமே. பாத்துட்டு, உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட காட்டச் சொல்லிட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவள் எழுந்து அவர் பின்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சுவரில் இடுப்பளவுக்கு ஏதோ வழிந்து காய்ந்து பளபளத்தது. வாயால் மூச்சு விட்டால் நாக்கில் படிந்தது அந்த நாற்றம், அழுகலும் சோப்பும் கலந்து, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். குளியலறைக் கதவுக்குப் பின்னால் காற்றுக்குழாய் குமிழ் விடும் சத்தம், மீன் தொட்டிகளில் கேட்கிற அதே சத்தம், விடாமல் கேட்டது.

“கூச்சப்படாதீங்க,” என்று அவர் கதவைத் திறந்தார்.

தொட்டி நிறையப் பால்போல் கலங்கிய நீர். அதற்குள் நைட்டியோடு ஒரு பெண். முகமும் நீருக்குள். கண்கள் திறந்திருந்தன. இமைகளே இல்லை. தோலெங்கும் சளி, பாலாடைபோல் திரண்டு, மெல்ல ஆடியது.

கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன.

“எங்க திலேப்பியா மீனும் இப்படித்தான். முட்டைய வாய்க்குள்ள வச்சுத்தான் அடைகாக்கும். அதான் சாப்பாடு இறங்கல.” அவர் சட்டைக் கையை மடித்தார். “வளருதா, கெட்டுப்போச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

அவள் பின்வாங்கினாள். முதுகில் ஈரச் சுவர். பிசுபிசுத்தது.

அவர் நீருக்குள் கைவிட்டு மனைவியின் தலையைப் பதமாகத் தூக்கினார். கட்டைவிரலால் தாடையை அழுத்தினார். மற்ற கையால், சுவரோடு ஒட்டி நின்றவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வழுவழுத்த கை. இரும்புப் பிடி.

வாய் திறந்தது.

கொழகொழவென்று அவள் உள்ளங்கையில் கொட்டியது. மஞ்சள் மஞ்சளாய், பட்டாணி அளவில் முட்டைகள். சூடாக. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்.

எல்லாக் கண்களும் உருண்டு திரும்பின.

அவளைப் பார்த்தன.

பிறகு, ஒவ்வொன்றாக, இமைத்தன.