ஊதாக் காலடிகள்

தடவிளக்கு வந்தபின் கோவையில் யாரும் கிருமியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நாய்களைக் கொல்லும் பார்வோ கிருமி எங்கே ஒட்டியிருந்தாலும் அந்த விளக்கின் ஒளியில் ஊதா நிறமாக மின்னும்.

பொன்முகில் அடுக்ககத்தில் குட்டிகள் அடுத்தடுத்து ரத்தமாகக் கழிந்து செத்தன. கேட்டுக்கு வெளியே கிடக்கும் தெருநாய்கள்தான் காரணம் என்றார் சங்கத் தலைவர் ராமபத்திரன். அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்ப அவருக்குச் சான்று தேவைப்பட்டது. விளக்கோடு கால்நடை மருத்துவர் பர்வீனை வரவழைத்தார்.

வெளியே ஒரு பெட்டை நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒளி பட்டும் எதுவும் மின்னவில்லை.

"சரியாப் பாருங்க டாக்டர்."

"பாத்தாச்சு சார். இதுங்ககிட்ட இல்ல. உள்ள போலாம்."

உள்ளே புல்தரை ஊதா. லிஃப்ட் தரை ஊதா. தடம் ராமபத்திரனின் வாசலில் அடர்ந்து நின்றது. முதலில் செத்தது அவருடைய குட்டிதான்.

"ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார் பர்வீன்.

"ஒண்ணு போட்டோமுங்க. அப்புறம் நேரமில்ல."

"ஒண்ணு பத்தாது. நாலு மாசம் ஆகறவரைக்கும் சில வாரத்துக்கு ஒருதடவை போடணும். அதுவரைக்கும் பொது இடத்துல இறக்கவே கூடாது. உங்க குட்டி புல்தரையில கழிஞ்சிருக்கு. மிதிச்சவங்க செருப்புல வீடு வீடாப் போயிருக்கு."

"தினமும் சானிடைசர் போட்டுத் துடைக்கிறோமே."

"அதுக்கு இது சாகாது. பிளீச்சிங் கரைசலை ஊத்தி ஊற விடணும். மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும்."

அன்று மாலை சங்கம் கூடியது. எல்லா நாய்க்கும் ஊசி, எல்லாத் தளத்துக்கும் பிளீச்சிங் என்றார் பர்வீன். இது வெளியே தெரிந்தால் வாடகைக்கு யார் வருவார்கள் என்றார் ஒருவர். குட்டியைப் பறிகொடுத்த சுகந்தி எழுந்தாள்.

"என் பப்பி உங்க செருப்பால செத்துருக்கு. நீங்க வாடகையப் பேசறீங்க."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது: தடவிளக்கை இனி வளாகத்துக்குள் ஏற்றக் கூடாது, பாதுகாப்புக்காகக் கேட்டில், சாலையைப் பார்த்து ஒன்று வாங்கிப் பொருத்த வேண்டும். சுகந்தியைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அடுத்த வாரமே தெருக்குட்டிகள் வாந்தியெடுக்கத் தொடங்கின. சுகந்தி பர்வீனுக்குப் போன் செய்தாள். இருவருமாகக் குட்டிகளைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். ஒன்று அதற்குள் விறைத்திருந்தது. பெட்டை வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தது.

ராமபத்திரன் இறங்கி வந்து சாலையைக் காட்டினார். விளக்கொளியில் தார் முழுக்க ஊதாத் தடங்கள்.

"நான் அப்பவே சொன்னனுங்க. தெருவுலதான் இருக்குதுன்னு."

பர்வீன், தான் கொண்டுவந்திருந்த பிளீச்சிங் வாளியை அவர் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார். சாலையில் மின்னிய தடங்களில் ஒன்றுகூட நாயின் பாதமில்லை. எல்லாம் செருப்புத் தடங்கள். ஒவ்வொன்றின் குதிகாலும் கேட்டின் பக்கம் இருந்தது.