ஒரு சாண் கீழே

செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டின் மேல் கிடந்த துணியை எடுத்தபோது, கிளி உட்காரும் கட்டை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

புனிதா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருகாணி கழன்று சரிந்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தால், கட்டை சரியவில்லை. இரண்டு முனைகளும் கழற்றப்பட்டு, கீழ்க் கம்பியில் மட்டம் பார்த்து மாட்டப்பட்டு, இறுக்கப்பட்டிருந்தன. விரலால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அதைத் திருகுவதற்கான ஸ்பேனர் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. அந்த இழுப்பறையை அவள் திறந்தே மாதக்கணக்காகிறது.

"நீயா செஞ்ச, துரை?" என்று கிளியிடம் கேட்டாள்.

துரை பழைய உயரத்தில் கட்டையைத் தேடித் தடுமாறாமல், புது இடத்தில் வசதியாக உட்கார்ந்து, வெள்ளைப் படலம் விழுந்த கண்களை மூடிக்கொண்டிருந்தது.

துரைக்கு முப்பத்து நான்கு வயது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வால் மட்டும் சிவப்பு. பெயர் வைத்தது அவள் கணவர் தனேஸ்வரன். "எங்கப்பாவ எஸ்டேட்ல ஒரு துரை வாழ்க்க பூரா அதட்டுனாரு. இப்பப் பாரு, நம்ம வீட்டுல ஒரு துரை கூண்டுக்குள்ள இருக்காரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாரே தவிர, எந்தத் துரைக்கும் அப்படி ஒரு ராஜ உபசாரம் நடந்திருக்காது. பஸ் பட்டறையில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனிதர். கிளிக்குப் பார்வை மங்கி, கால் மூட்டு இறுகிப்போனதும், ஒரே வாரத்தில் கூண்டையே மாற்றிக் கட்டினார். விழுந்தால் அடிபடக் கூடாது என்று கட்டைகளைத் தாழ்த்தினார். பாதம் நோகாமல் இருக்கப் பருத்தித் துணியைச் சுற்றினார். தரையில் துண்டுகளை மடித்துப் போட்டார். மாலை ஏழு மணிக்குத் துணி போட்டு மூடினால் காலை ஏழு மணிக்குத்தான் எடுப்பார். தீனியைத் தட்டில் கொட்டவே மாட்டார். சின்ன வயதில் புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடையில் வேலை பார்த்தவர். அங்கே கடலைக்கு மடிக்கிற மாதிரியே தாளைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே நாலு சூரியகாந்தி விதையைப் போட்டு, வாயை மூன்று மடிப்பாக மடித்துக் கம்பிக்குக் கம்பி செருகி வைப்பார்.

"தேடித் தின்னணும்லா. சும்மா குடுத்தா கெழட்டுப் பறவைக்குப் புத்தி மழுங்கிரும்" என்பார்.

புனிதாவையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். கை நீட்டி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கார் ஓட்ட வேண்டாம், ரோட்டில் எவன் எப்படி வருவானோ. வேலைக்குப் போக வேண்டாம், எதற்கு சுசா, வீண் கஷ்டம். பாசாருக்குத் தனியாகப் போக வேண்டாம், நான் கூட்டிப் போகிறேன். இருபத்தாறு வருஷம் சிலிபினில் அந்த வரிசை வீட்டுக்குள் அவளுக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டார். அவர் செத்தபோது அவள் உண்மையாகவே அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலேயே நெஞ்சுக்குள் லேசாகக் காற்று வந்த மாதிரி இருந்தது. அதற்காக இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் தங்கை தினேஸ்வரி கோலா கங்சாரிலிருந்து காரோடு வருவதாக ஏற்பாடு. புனிதாவும் துரையும் அங்கேயே போய்விடுவார்கள். தினேஸ்வரியின் தையல் கடையில் புனிதாவுக்கு வேலை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் வேலை. போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

கட்டையைப் பற்றி யோசிக்க யோசிக்க, ஞாயிற்றுக்கிழமை நடந்த கருமாதிதான் நினைவுக்கு வந்தது. அன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, முதல் கவளத்தைக் காகத்துக்காகப் பின்பக்கச் சுவரில் வைத்தார்கள். காகம் எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. காகம் வரவில்லை. எப்படி வரும்? அதற்கு முந்தின வாரம்தான் காக்கைத் தொல்லை என்று நகராட்சி ஆட்கள் துப்பாக்கியோடு வந்து அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கக் காக்கைகளைச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். வெயில் ஏறியது. வந்தவர்கள் பசியோடு நெளிந்தார்கள். அவருடைய தம்பி அர்ச்சுனன்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"அண்ணி, காக்கா இனிமே எங்க வரப்போவுது? உள்ள ஒரு பறவை இருக்குல்ல. அண்ணன் கையால வளந்ததுதான? அதுக்குக் குடுத்துருங்கலா."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு நாளில் சோற்றை மோந்துகூடப் பார்க்காத துரை, அன்று அவள் விரலிலிருந்து ஒரு பருக்கை விடாமல் வாங்கித் தின்றது. "அண்ணன் வந்துட்டாரு" என்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். காகமாக இருந்தால் எடுத்துக்கொண்டு பறந்து போயிருக்கும். துரை எங்கே பறக்கும்? அது வீட்டிலேயே இருந்தது.

புதன்கிழமை அவள் ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினாள். கதவைத் திறந்ததும் கிரீஸ் வாடை வந்தது, பட்டறையிலிருந்து வருகிற சட்டையைத் துவைக்கப் போடும்போது வருமே, அந்த வாடை. பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக்கென்று தட்டும் சத்தமும் தவிர வீட்டில் வேறு ஒலி இல்லை. அந்த அமைதிக்குள் எங்கோ தாளை மடிக்கிற மெல்லிய கரகரப்பு மட்டும் கேட்டு, அவள் செருப்பைக் கழற்றியதும் நின்றது.

கூண்டின் கம்பிகளில் ஏழு கூம்புகள் செருகியிருந்தன. அவளுக்கு அந்த மடிப்பு வராது. எத்தனையோ தடவை அவர் சொல்லிக் கொடுத்தும் வந்ததில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அன்றைய செய்தித்தாள். காலையில் பாதி படித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனது.

அர்ச்சுனனிடம் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. உடனே அவருக்குப் போன் செய்தாள்.

"நா தைப்பிங்ல இருக்கேன் அண்ணி, ரெண்டு நாளா. ஏன், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை டப்பாவைத் திறந்தாள். காலி. அன்றுதான் வாங்கி நிரப்பியது. சமைக்க அரிசி எடுத்தபோது அதற்குள்ளும் ஒரு கூம்பு கண்ணில் பட்டது நினைவுக்கு வந்து, போய் அரிசி டின்னைத் திறந்தாள். கூம்புக்குள் ஒரே ஒரு மாத்திரை. தலையணைக்கு அடியில் ஒன்று. சாமி அறையில் விளக்குக்குப் பின்னால் ஒன்று. மண்டியிட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி நாலாவதைக் கண்டெடுத்தபோது, அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. கிடைத்துவிட்டது என்ற சின்னச் சந்தோஷம். அது வந்ததை உணர்ந்ததும் கூம்பைச் சூடுபட்ட மாதிரி கீழே போட்டாள்.

நிமிர்ந்து துரையைப் பார்த்தாள். அது கட்டையின் ஓரத்துக்கு வந்து, தலையைக் கவிழ்த்துக் கழுத்தைக் கம்பியோடு ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. கழுத்து இறகுகள் மட்டும் மெல்லப் பிரிந்தன. மேலிருந்து கீழே. பிறகு மறுபடியும் மேலிருந்து. ஒரு விரல் அகலம்.

அவள் விளக்கை அணைக்காமல் படுத்தாள். கிளியை விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். மனசு வரவில்லை. வயசான ஜீவன், பஸ்ஸில் தூக்கிப் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இன்னும் மூன்று நாள்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வெளியே வர மிதியடியைத் தேடிக் கால் வைத்தாள். ஈரமான தரைக்குப் பதில் பஞ்சு மாதிரி ஏதோ மிதிபட்டது. குளியலறை வாசலிலிருந்து ஹால் வரைக்கும் துண்டுகள் மடித்து விரிக்கப்பட்டிருந்தன, வரிசையாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. சமையலறையில் மேல்தட்டுப் பாத்திரங்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. நாற்காலியின் கைகளில் பருத்தித் துணி சுற்றியிருந்தது. படுக்கையறையிலிருந்து அறுத்த மரத்தின் பச்சை வாசனை வந்தது.

கட்டில் தாழ்ந்திருந்தது.

ஒரு சாண். நாலு கால்களும் ஒரே அளவில் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த நாலு துண்டுகளும் சுவரோரம் அடுக்கி இருந்தன. மரத்தூளைக்கூடக் கூட்டி ஒதுக்கியிருந்தது.

அவள் குளித்தது பத்து நிமிஷம். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"தினேசு, இன்னிக்கே வாடி."

"சனிக்கெழமதான சொன்ன? என்னாச்சுக்கா?"

"என்னால இந்த வீட்டுல தனியா இருக்க முடியல. கூட ஒரு ஆளு வேணும்டி எனக்கு."

"சரி சரி, அழுவாத. தாப்பாலா, பரவால்ல. இப்பவே பொறப்பட்டு வாரேன். ஒரு மணி நேரத்துல அங்க இருப்பேன்."

போனை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. தகரக் கூரையில் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இரைந்து, வெளியே இருந்த சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. துணி நாலைந்தைப் பையில் திணித்தாள். துரையைச் சின்னக் கூண்டுக்கு மாற்றினாள். அது கடித்தது. ரத்தம் வந்தது. பரவாயில்லை, வாசலிலேயே நின்றுகொள்ளலாம், நனைந்தாலும் வெளியே நின்றுகொள்ளலாம்.

முன்கதவின் இரும்பு கிரில் பூட்டியிருந்தது. சாவி மாட்டுகிற கொக்கியில் சாவி இல்லை. ஒரு கூம்பு தொங்கியது.

பிரித்தாள். சூரியகாந்தி விதை.

சாவி எந்தக் கூம்பில் இருக்கிறதோ. டிவிக்கு மேல் இன்னொன்று. மாத்திரை. சோபா இடுக்கில் ஒன்று. மேரி பிஸ்கட், அவளுக்குப் பிடிக்கும் என்று அவர் வாங்கி வருகிற பிஸ்கட். கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தியைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஜன்னல் திட்டில் ஒன்று. விதை. புத்தக அலமாரியில் மூன்று. விதை, விதை, கற்கண்டு. தரையெல்லாம் தாள். மண்டியிட்டபடியே படுக்கையறைக்குள் போனாள்.

அங்கேதான் பார்த்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மெத்தை.

விருந்தாளிகளுக்கென்று ஸ்டோர் ரூமில் கட்டி வைத்திருந்தது. தட்டி, உறை மாற்றி, கட்டிலின் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்துப் போட்டிருந்தது. தலையணை. மடித்த துண்டு. தலைமாட்டில் புதுக் கூம்பு ஒன்று.

கூட ஒரு ஆள் வேணும்.

அவள்தான் கேட்டாள். தன் வாயால் கேட்டாள்.

போனை எடுத்துத் தினேஸ்வரியை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மழையில் கார் ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். மறுபடியும் அழைத்தாள். வராதே. திரும்பிப் போ. மறுபடியும். கேட்டுக்கு வெளியே காரின் விளக்கு வெளிச்சம் திரும்பி ஹால் சுவரில் ஏறியது.

"உள்ள வராத!" கிரில்லுக்கு ஓடினாள். "தினேசு! வராதடி! அங்கயே நில்லு!"

தினேஸ்வரி ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் காதருகே வைத்துக் கேட்கவில்லை என்று தலையாட்டியபடி ஓடி வந்தாள். கிரில்லைத் தொட்டாள்.

திறந்தது.

புனிதா வெளியே பாய்ந்தாள். பாய்ந்தவளைத் தினேஸ்வரி ஈரக் கைகளால் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, ஏன் இப்படி நடுங்குற? உள்ள வா, உள்ள வா" என்று அணைத்து, அன்பாக, இரண்டடி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

பின்னால் கிரில் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. உள்ளே இருக்கிறது மிரண்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாத்தின மாதிரி. பூட்டு விழுந்தது.

"என்னக்கா இது, சிக்கிக்கிச்சா?" தினேஸ்வரி சிரித்தபடி இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். சிரிப்பு நின்றது. "அக்கா, சாவி எங்க? அக்கா?"

புனிதா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று மழையைச் சாய்த்து வாசலுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தரை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. கிரில்லுக்கு ஒரு முழம் தள்ளி, ஓர் இடத்தில் மட்டும் மழை தரைக்கு வரவில்லை. ஆள் உயரத்தில் எதன் மேலோ பட்டுத் தெறித்தது. தோளில் வழிந்தது. முழங்கையில் சொட்டியது. அது இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, நன்றாகக் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கம்பிகளுக்கு நடுவில் முதலில் புனிதாவைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, புதிதாக வந்தவளைப் பார்த்தது.