ரெண்டு தடவைதான் கூப்பிடும்

பெட்டியை நானும் டெம்போ டிரைவரும்தான் இறக்கினோம். ஆள் உயரம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. குற்றாலத்தில் சீசன் முடிந்து, அந்தப் பழைய லாட்ஜில் ஈரச் சுவரும் பாசி வாடையும் மட்டும் மிஞ்சியிருந்த நேரம். முதலாளி சென்னையில் இருக்கிறார். ரிசப்ஷனுக்கு ஆள் போட்டால் கட்டாது என்று இந்தத் தொடுதிரையை வாங்கினார்.

அதைச் செய்தவள் ஸ்வர்ணா. தென்காசியில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறாள். சுரண்டையில் ஒரு விதைக்கடை, ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று அவளுடைய திரைகள் பல இடங்களில் நிற்கின்றன. தொட்டால் படம் வரும், பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும். அவற்றைச் சுமந்துபோய் மாட்டுவது என் வேலை. ஐம்பத்தாறு வயதில் அ, ஆ என்று தொட்டுத் தொட்டு நான் எழுத்துப் படித்ததும் அவற்றில்தான்.

லாட்ஜ் பெட்டி, எதிரே ஆள் வந்து நின்றால் கூப்பிடும்.

"ஏங்க, இங்கன வாங்க."

என் பெண்டாட்டி ஆவுடைத்தாயின் குரல்.

ஸ்வர்ணாவின் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள் அவள். குரல் பதிந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன்.

"வீட்ல அண்ணாச்சிய எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்கக்கா" என்றாள் ஸ்வர்ணா.

"கூப்பிட்ட உடனே அவுக என்னைக்கு வந்தாக?" என்று சிரித்துவிட்டு, ரெண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவதற்கு மாட்டேன் என்றாள்.

"மூணாவது தடவ கூப்பிடுதது உசுரோட இருக்கவுக, தாயி. பொட்டிக்கு ரெண்டு போதும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்தி மசங்கியபின் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் வாய் திறப்போம். பேய், மூன்றாவது தடவை கூப்பிடாது என்பார்கள்.

அடுத்த மாதம் ஒரு நாள், ஆவுடைத்தாய் இலஞ்சிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். சுமை இறக்கிய அலுப்பில் நான் விளக்குகூடப் போடாமல் படுத்திருந்தேன். அந்தி மசங்கிய நேரம், கொல்லையில் குரல் கேட்டது.

"ஏங்க, இங்கன வாங்க."

இன்னொரு தடவை.

மூன்றாவதற்காகக் காத்துக் கிடந்தேன்.

வரவில்லை. அப்படியே கண் அசந்துவிட்டேன். விடிந்து கதவைத் திறந்தால், துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். உடம்பு சில்லிட்டிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். அந்தியிலேயே திரும்பி வந்திருக்கிறாள்.

லாட்ஜில் காவல் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தினமும் அந்தியில் பெட்டிமுன் போய் நிற்பேன். அவள் கூப்பிடுவாள். "இந்தா வாறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அன்றைக்குச் சொல்லாதது. ஆனால் அந்த நேரத்துக்கு நாக்கு எழும்பாது. ரெண்டாவது குரலும் முடிந்து திரை இருண்டுவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துக்கொள்வேன்.

எதிரே ஆளே இல்லாமல் பெட்டி கூப்பிடுகிறது என்று தங்க வந்தவர்கள் புகார் சொன்னார்கள். சாரல் அடித்த ஒரு மத்தியானம் ஸ்வர்ணா வந்தாள்.

"பல்லி ஓடுனாலும் கேமராவுக்கு அது ஆளுதான், அண்ணாச்சி. எல்லாரும் பயப்படுதாங்கன்னு முதலாளி வேற குரல் போடச் சொல்லுதாரு."

"நாளைக்குப் போடேன், தாயி."

"இன்னைக்கே முடிக்கணும்."

அரைமணி நேரத்தில் பெட்டி வேறு யாருடைய குரலிலோ பேசியது. "வணக்கம். திரையைத் தொடவும்."

நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

ஸ்வர்ணா பஸ் ஏறிப் போனாள். மேகம் இறங்கி, ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. தூரத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தது. பதினாறு அறை, நான் ஒருவன். பொறுக்கமாட்டாமல் ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டேன்.

"தாயி, அவ குரல் வேற எங்கனயாவது இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அதுல இருந்தது ஒண்ணுதான். அழிச்சாச்சு."

போனில் பஸ் இரைச்சல். "இருங்க" என்றாள்.

"அண்ணாச்சி, பக்கத்துல ஆள் இருக்கா?"

"ஒருத்தருமில்ல."

"உங்களத்தான் கூப்பிடுதாங்க. பொம்பளக் குரல். பஸ் சத்தத்துல யாருன்னு தெரியல."

எனக்கு மழை மட்டும்தான் கேட்டது. பெட்டி இருண்டு கிடந்தது.

"இந்தா, மறுபடியும்."

பின்பக்கத்திலிருந்து ஈரத் துணி வாடை வந்தது.

"மூணு தடவ ஆயிட்டு அண்ணாச்சி. என்னன்னு கேளுங்க, பாவம்."

நாக்கு எழும்பியது.

"இந்தா வாறேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கூப்பிடுதது நின்னுட்டு" என்றாள் ஸ்வர்ணா. "கிட்ட வந்துட்டாங்க போல. மூச்சு வாங்குதது கேக்குது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.