செம்மண் கழுவியவன்

யேசுரட்ணத்தின் வலது தோள்மூட்டு காலையிலிருந்தே அவனுடைய சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு நனைந்தால் பிணம்போலக் கனக்கும். அதை நாள் முழுக்க மெஷின் வாய்க்குள்ளிருந்து இழுத்து வண்டிலில் போடுகிறவனுக்கு, தோள் என்று ஒன்று இருப்பதை வலிதான் ஞாபகப்படுத்தும். மீசை அரும்புமுன்பே சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனவன் அவன். வலிக்கு அஞ்சுகிற ஆளில்லை. அன்று அவனைத் துணுக்குற வைத்தது கூடைக்குள் கிடந்த மூன்றாவது உடுப்பு.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருந்த அந்தச் சலவைத் தொழிற்சாலைக்கு நாடக அரங்கிலிருந்து கிழமைக்கொரு கூடை வரும். அங்கே ஒரு பாலே நடனத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. களிமண் பொம்மைகளாக ஆடும் இரண்டு பேரின் உடுப்புகள்தான் கூடைக்குள் இருக்கும்: உடம்போடு ஒட்டிக்கிடக்கும் மண்நிறத் துணி, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இன்று அவற்றுக்கு அடியில் இன்னொன்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவானது. சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

"இதில பிள்ளையும் ஆடுதோ?" என்று தன் உடைந்த டெனிஷில் மேற்பார்வைக்காரி கிர்ஸ்தனிடம் கேட்டான். அவளுடைய மகள்தான் பெண்பொம்மையாக ஆடுகிறவள்.

கிர்ஸ்தன் எட்டிப் பார்த்தாள். "பிள்ளையா? பொம்மை இரண்டுதானே. இரண்டு உடுப்புத்தானே கிடக்கிறது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுடைய பார்வை அந்தச் சின்ன உடுப்பின்மேல் விழுந்து, வெற்றிடத்தைக் கடப்பதுபோலக் கடந்து போனது.

மகள் ஆடுவதால் அந்த பாலேயின் இசை கசெற்றில் நாள் முழுக்க ஓடும். பேத்தோவன் எழுதியதாம், அவருடைய மற்ற இசையை உலகமே கேட்கிறது, இதை ஆடுகிறவர்கள் குறைவு என்று அவள் பெருமையோடு சொல்லுவாள். தொடக்கத்தில் புயல். முரசுகள் ஷெல்லடிபோல உறுமிக்கொண்டு கிட்ட வர, முதல்முறை கேட்டபோது யேசுரட்ணம் வண்டிலுக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டான். கூட வேலைசெய்யும் சண்முகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தானும் குந்திக்கொண்டிருப்பதைக் கண்டு எழும்பினான். புயல் அடங்கியதும் பொம்மைகள் நடக்கிற இசை. இரண்டு அடி. நிற்கும். இரண்டு அடி. நிற்கும்.

"ஒருவன் வானத்திலிருந்து நெருப்புத் திருடிவந்து பொம்மைகளுக்கு உயிர் கொடுப்பான்," என்று கிர்ஸ்தன் கதை சொல்லியிருந்தாள். "எழும்பி நடக்கும். ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்காது. அவன் யாரென்றே அவைகளுக்குத் தெரியாது."

"பிறகு?"

"அவனுக்குக் கோபம் வரும். உடைக்கப் போவான்."

கோபத்தைப் பற்றி யேசுரட்ணத்துக்கு யாரும் கதை சொல்லத் தேவையில்லை. மனைவி விமலராணியும் ஆறு வயது மகள் மேர்சியும் யாழ்ப்பாணத்தில், இளவாலையில் இருந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். விண்ணப்பித்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள்தான் படுக்கிறோம், பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டிருக்கிறோம் என்று விமலராணி எழுதியதுதான் கடைசிக் கடிதம். ஐப்பசியில் பெரிய ஷெல்லடி தொடங்கிய பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. இப்போது எண்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதம்.

அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடிவரவு ஒஃபீசுக்குப் போயிருந்தான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் ஃபைலைத் தேடி எழும்பவே இல்லை. கோப்பி குடித்தபடி, "அவர்கள் இப்போதும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்.

"மேலயிருந்து சொல்லிப்போட்டினமாம், அண்ணை," என்றான் சண்முகலிங்கம். "தமிழாக்களின்ர ஃபைலைத் தொடாதேங்கோ எண்டு. சட்டம் எங்கட பக்கம்தானாம். ஃபைல் அவையின்ர மேசை லாச்சிக்குள்ள."

"அந்தக் கண்ணாடியை நான் உடைச்சிருக்கோணும்."

"உடைச்சா உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். திருப்பி அனுப்புற ஃபைல் மட்டும் பறக்கும், பாருங்கோ."

நாலு மணிக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன. கிர்ஸ்தன் கசெற்றை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். யேசுரட்ணம் சின்ன உடுப்பைத் தொட்டிக்குள் போட்டுத் தூரிகையால் உரஞ்சினான். சிவப்பாகக் கரைந்தது. அது அரங்கில் பூசுகிற சாயமில்லை. உரஞ்ச உரஞ்ச, வெந்நீர் ஆவியோடு முதல் மழை விழுந்த புகையிலைத் தோட்டத்து மணம் எழும்பி, அதற்கடியில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையும், காற்றுப் புகாத இடத்தில் ஆட்கள் நெருங்கிப் படுத்த வியர்வையும், அதற்கும் அடியில் அவன் பெயர்சொல்ல விரும்பாத ஒரு நாற்றமும் வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. பிழிந்தால் மண். அலசிப் பிழிந்தால் இன்னும் மண். ஒரு சின்ன உடுப்புக்குள் இருக்கமுடியாத அளவு மண், பிடிபிடியாக. அது சூடாகவும் இருந்தது.

"என்ன அண்ணை, வெள்ளைக்காரியின்ர ஜட்டிக்கு இவ்வளவு உரஞ்சலோ?" என்றபடி சண்முகலிங்கம் தொட்டிக்குள் கையை விட்டான். சிரிப்பு நின்றது. சேற்றை விரல்களுக்கிடையில் தேய்த்தான். மூக்கடிக்குக் கொண்டுபோனான்.

"இது எங்கட மண்ணெல்லே."

யேசுரட்ணம் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"விட்டிட்டு வாங்கோ அண்ணை. சொல்லுறதைக் கேளுங்கோ." கையைத் திரும்பத் திரும்பக் கழுவினான். "நான் போறன்." ஜக்கெற்றைப் போடாமல், கையில் தூக்கிக்கொண்டே போய்விட்டான்.

மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. உலரத் தொங்கிய விரிப்புகளுக்குப் பின்னால், ஈரச்சாக்கைச் சீமெந்தில் போட்டதுபோல ஒரு சத்தம். அவன் கசெற் பெட்டியைப் பார்த்தான். அது ஓடவில்லை. இரண்டு அடி. நின்றது. கனத்த, ஈரமான அடி. இரண்டு அடி. நின்றது. விரிப்பில் நிழல் விழுந்தது. உயரமாக ஒன்று. அதன் இடுப்பளவில் இன்னொன்று.

ஓடினான்.

குளிர் நெஞ்சுக்குள் கத்திபோல இறங்கியது. தெருவிளக்கடியில் நின்று திரும்பிப் பார்த்தான். பனியில் அவனுடைய சப்பாத்துத் தடம். அதற்குப் பக்கத்தில் வெறுங்கால் தடங்கள். பெரியது. சின்னது. சிவப்பு. நடந்தவர் ஒருவருமில்லை.

வீட்டுக்குள் புகுந்து பூட்டினான். படிக்கட்டில் ஏறி வந்தது. இரண்டு அடி. நின்றது. வாசலில் நின்றது. தட்டவில்லை. கதவடி இடுக்கால் செந்நீர் கசிந்து வந்தது. வெளியே ஒரு இருமல். சின்னப் பிள்ளையின் இருமல். மண் விக்கியதுபோல.

திறந்தான்.

விமலராணியின் உயரம். விமலராணியின் சரிந்த இடது தோள். அவள் பிடித்திருந்த சின்னக் கை. முகத்தில் மண். கண் இருக்கவேண்டிய இடத்திலும் மண். அவை அவனைப் பார்க்கவில்லை. அவன் நின்ற திசையைப் பார்த்தன.

"ராணி," என்றான். "என்னைத் தெரியேல்லையே?"

இவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அவன் வளர்ந்த வீட்டில், பயணத்தால் வந்தவர்களுக்குக் காலுக்குத் தண்ணீர் கொடுத்துத்தான் உள்ளே எடுப்பார்கள். பிளாஸ்ரிக் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்தான். முழங்காலில் இருந்தான். அவளுடைய வலது காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்துத் தடவினான்.

பெருவிரல் கழன்று கையோடு வந்தது.

நிறுத்தியிருக்கவேண்டும். மண்ணுக்கடியில் அவள் இருப்பாள் என்று நம்பினான். தேய்த்தான். பாதம் போனது. தேய்த்தான். கணுக்கால் போனது. எலும்பில்லை. தசையில்லை. உள்ளுக்கும் மண்.

அவள் சரிந்து வாசல் முழுக்கச் சேறானாள்.

"இவையை நான் கேக்கேல்லை!" என்று இருண்ட படிக்கட்டைப் பார்த்துக் கத்தினான். "உயிரோட இருக்கேக்க விடுங்கோ எண்டுதானேடா கேட்டனான்! உயிரோட இருக்கேக்க!"

பக்கத்துக் கதவுகள் ஒன்றும் திறக்கவில்லை.

பிள்ளை தாய் விழுந்த பக்கம் திரும்பவில்லை. இரண்டு அடி வைத்தது. நின்றது. தானாகவே வலது காலைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தது. கரைந்தது. மற்றக் காலையும் வைத்தது. முழங்காலோடு முடிந்த உடம்பாக நின்றுகொண்டு, அடுத்ததைக் கழுவச் சொல்லி இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டியது.

டென்மார்க் அரசு யேசுரட்ணத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் இரண்டு உயிர். விமலராணி. மேர்சி. இன்னும் கொடுக்கவில்லை.