கண்ணாடியில் ஒரு வட்டம்

பூட்டிய அறையின் ஜன்னல் கண்ணாடியில், உட்புறமாக, ஒரு சின்ன வட்டம் பனித்திருந்தது.

தசரதன் அதைக் கொல்லையிலிருந்து பார்த்தான். மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் வந்தவர்கள் அடி அண்ணாமலைச் சாலையெங்கும் அன்னதானத் தட்டுகளையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதினொரு வருடமாக அவற்றை வாரிக் கொல்லையில் கொளுத்துவது அவன்தான். புண்ணியம் என்று நினைத்திருந்தான். போன பௌர்ணமிக்கும் கொளுத்தினான். அன்று சாயங்காலம் மகள் ஆர்த்தி மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். ஆறு வயது.

இது சளி இல்லை, அலர்ஜி, புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் இரண்டு வருடமாகச் சொன்னார். அவனும் மனைவியும் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி போட்டார்கள்.

வட்டம் மறைந்தது. மறுபடி பனித்தது.

இன்று அவன் தீக்குச்சியைத் தொடவில்லை. ஆனாலும் உருகும் பிளாஸ்டிக்கின் தித்திப்பான நெடியும், அதற்கடியில் அவள் நெஞ்சில் தடவிய தைலத்தின் காரமும் சுவரோரமாகக் கசிந்து வந்தன. கூடவே, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு மெல்லிய விசில். மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

எண்ணினான். நாற்பத்தெட்டு.

உள்ளே ஓடினான். மனைவி மதிவதனி அந்த அறை வாசலில் குந்தியிருந்தாள்.

"உனக்கும் கேக்குதா?"

"ஒரு வாரமா கேக்குதுங்க. இன்னிக்கி ஜாஸ்தி."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மட்டும்? அப்பவும்தான் சொன்னேன், கொளுத்தாதீங்கன்னு."

அவள் கையில் தூபக்கால். கங்கு சிவந்திருந்தது. அதைக் கதவின் அடியிடுக்கில் வைத்து, விசிறியால் வீசினாள். புகை உள்ளே தவழ்ந்து போனது.

"வேணாம் மதி."

"பாப்பா தூங்கணும்ங்க. இத்தினி நாளும் இப்டித்தான் தூங்க வெச்சேன்."

சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. கை போகவில்லை.

விசில் கூர்மையானது. விட்டு விட்டு வந்தது. பிறகு இல்லை.

"பாத்தீங்களா," என்றாள். "தூங்கிட்டா."

அவன் கொல்லைக்கு ஓடினான். அறை முழுக்க வெள்ளைப் புகை. வட்டம் இருந்த இடத்தைத் தேடினான். கண்ணாடியில் அழுந்தி, அகலத் திறந்த ஒரு சின்ன வாய்.

அதைச் சுற்றிப் பனி படியவில்லை.