கண்ணாடியின் உள்பக்கம்

ரூவான் நகரத்தில் விற்ற பயணக் கடிகாரம் ஒன்று சேன்-நிக்கொலா ஊரின் பட்டறைக்கே திரும்பி வந்திருந்தது. தானாக மணியடிக்கிறதாம். பித்தளைச் சட்டங்களுக்கு மெருகேற்றும் லெயோகாதி அதைத் தன் மேசைக்கு எடுத்து வந்தாள்.

அவள் கணவன் ஒவீத் கடைசியாகச் செய்த கடிகாரம் அது. போன குளிர்காலத்தில் அவன் காணாமல் போனான். யாரோ ஒருத்தியோடு தியெப் துறைமுகத்தில் கப்பலேறிவிட்டதாகப் பட்டறையில் அவன் கூட்டாளியான ஃபிலிபேர் சொன்னான். ஊர் நம்பியது. லெயோகாதியால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

வெளியே ஆப்பிள் தோப்பை மூடுபனி விழுங்கியிருந்தது. உள்ளே எண்ணெய் நெடி.

பக்கக் கண்ணாடியில் ஒரு பெருவிரல் ரேகை. துடைத்தாள், போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி உள்பக்கம் துடைத்தாள், போனது. மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

மறுபடி இருந்தது.

ரேகையின் குறுக்கே ஒரு தழும்பு. அரம் கிழித்த அந்த விரலுக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான்.

"என்ன பழுதாம்?" பின்னால் ஃபிலிபேரின் குரல்.

"தெரியல முதலாளி. ஒண்ணு கேக்கட்டுமா? அவரு கப்பலேறினத நீங்களே பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். இன்னும் எத்தன தடவதான் கேப்ப?"

டிங். டிங். டிங்.

கடிகாரத்தின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் கடைசியாக அடித்த மணியை மறுபடி அடிக்கும். யாரும் தொடவில்லை.

ஆனாலும் பொத்தான் அமுங்கியிருந்தது.

"கூட இருந்தவ எப்படி இருந்தா?" லெயோகாதி கிசுகிசுத்தாள்.

"செம்பட்டத் தலைக்காரி... நான் தூரத்துல..."

டிங். டிங். டிங்.

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கடிகாரத்தைப் பறித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். பாழுங்கிணற்றில் எறியக் கையை ஓங்கினான்.

கை இறங்கவில்லை.

மணி விடாமல் அடித்தது. வேலையாட்கள் ஓடி வந்தார்கள். ஃபிலிபேர் கிணற்றுக்குள் குனிந்து அலறினான்.

"நிறுத்துடா ஒவீத்! மேல வராத! அங்கயே கெட!"

அதற்குமேல் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றை இறைத்தார்கள். ஒவீத் கிடைத்தான். தனிப்பட்டறை வைக்கப் போவதாக அவன் சொன்னதுதான் குற்றமாம். ஃபிலிபேர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவனோடு கடிகாரத்தையும் காவலர்கள் கொண்டுபோனார்கள்.

அடக்கம் முடிந்த மாலை, லெயோகாதி வீட்டுக்குத் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு சற்றே லேசாகியிருந்தது. 'இனி நிம்மதியா தூங்குய்யா' என்று முணுமுணுத்தபடி பூட்டைத் திறந்தாள்.

காலையில் முழுசாக வாங்கி வைத்த ரொட்டி, வெட்டுப்பட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் கத்தி முனையால் கீறிய சிலுவை. ரொட்டியை வெட்டுமுன் ஒவீத் எப்போதும் கீறுவது அப்படித்தான்.

ஒரு துண்டு அவள் தட்டில் இருந்தது.

எதிர்த் தட்டில் இன்னொன்று. அதில் ஒரு வாய் கடித்திருந்தது.