முதல் டம்ளரில் மரணம்

செல்போன் அலறியது.

திரௌபதி எடுக்கவில்லை. அவளுடைய ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். இன்னொரு கையில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் டோஸ்டர்.

மறுபடி அலறியது.

மூன்றாவது தடவை அலறியபோது, எரிச்சலோடு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"திரௌபதி எலக்ட்ரிகல்ஸ். சொல்லுங்க."

"கொன்னுட்டியேடி பாவி! எங்க சித்தப்பாவக் கொன்னுட்டியே!"

டோஸ்டர் மேஜையில் விழுந்தது.

"யாருய்யா அது காலங்காத்தால? மரியாதையாப் பேசு!"

"மாறன் பேசறேன். வேங்கிக்கால் மாறன்! நேத்து காபி மெஷின் கொடுத்தனே... ஆசிட் ஊத்திக் கழுவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டியா? அதுல போட்ட காபியக் குடிச்சுட்டு மனுஷன் வாயில நுரை தள்ளிச் செத்துட்டாரு! போலீஸ் வந்தாச்சு. ஓடிடலாம்னு மட்டும் நெனைக்காதே!"

லைன் கட்!

திரௌபதிக்குக் காது மடல் சூடானது. ஓடுவதா? அவளா?

செங்கம் ரோட்டில் அவள் கடை போட்டுப் பதினோரு வருடம். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கெஸ்ட் ஹவுஸ், கஃபே, வாடகை அறை எல்லாவற்றிலும் மிக்ஸி முதல் காபி மெஷின் வரை எது மக்கர் பண்ணினாலும் அவளிடம்தான் வரும். 'ஒரு ஒயர்தானே, இதுக்குப் போயி...' என்று ஆரம்பிக்கிற ஆசாமிகளை அவள் பொருளோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடுவாள். கோபத்தில் அந்த ரோட்டிலேயே அவளுக்கு நிகர் கிடையாது.

ஷட்டரை இழுக்கக் கை தூக்கியவளின் பார்வை அலமாரியில் விழுந்தது.

இரண்டு பாட்டில்கள்.

ஒரே அளவு. ஒரே வெள்ளை பிளாஸ்டிக். ஒன்றில் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர். காபி மெஷினுக்கு அதுதான். இன்னொன்றில் ஆசிட். கீஸர் காயிலில் கல்லாக இறுகிய உப்பைக் கரைக்க.

நேற்று மாறனின் மெஷினைக் கழுவும்போது ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டேதான் பாட்டிலை எடுத்தாள்.

எந்தப் பாட்டில்...?

அவளுக்கு ஞாபகம் வரவில்லை!

'ஏண்டி, பேர் எழுதி ஒட்ட ஒரு துண்டுப் பேப்பர் கிடைக்கலையா உனக்கு?'

தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் ஷட்டரைப் படாரென்று இழுத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்று மாறனின் சித்தப்பா அப்பாதுரையுடையது. வாசலில் ஜீப். ஒரு சின்னக் கூட்டம்.

"அதோ... அவதான்!" என்று யாரோ சொன்னார்கள்.

"ஆமா, நான்தான். வழிய விடுங்க!"

உடலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. சமையலறையில் இன்ஸ்பெக்டர் பரசுராமனும் ஏட்டு அன்பரசனும் நின்றார்கள். மூலையில், தரையில், அப்பாதுரையின் மனைவி ராணியம்மாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாதுரைக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகனான மாறன்தான் மூன்று வருடமாக உடனிருந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறான்.

அந்த மாறன் இப்போது பாய்ந்து வந்தான். ஜிம்முக்குப் போகும் உடம்பு.

"எவ்ளோ நெஞ்சழுத்தம் இருந்தா நேரா வருவே!"

"தப்புப் பண்ணினவன்தான்டா வளைஞ்சு வளைஞ்சு வருவான். தள்ளு!"

"இந்தாம்மா..." இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். "பேரு திரௌபதியா? தீமிதி அன்னைக்கு மட்டும்தான் அந்தப் பேரைக் கேட்டு பயப்படணும்னு நெனச்சேன். சத்தம் கம்மி பண்ணு. நேத்து மெஷினுக்கு இன்னா பண்ணினே?"

"காபி சொட்டுச் சொட்டா வருது, சூடே இல்லன்னு இவர்தான் எடுத்துட்டு வந்தாரு. இந்த ஏரியாவுல போர் தண்ணி சார், உப்பு ஜாஸ்தி. குழாய் உள்ள வெள்ளையாப் படிஞ்சு அடைச்சுக்கும். எலுமிச்சை உப்புத் தண்ணிய ஊத்தி ஓட்டினேன். அப்புறம் மூணு தடவை வெறும் தண்ணி."

"பொய்!" மாறன் கத்தினான். "இவ கடைல ஆசிட் பாட்டில் இருக்கு சார். என் கண்ணால பாத்தேன்! எது எதுன்னு இவளுக்கே தெரியாது!"

அந்த வார்த்தை அவளைச் சரியான இடத்தில் குத்தியது.

இன்ஸ்பெக்டர் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, இவ்ளோ நேரம் பேசின வாய் எங்க போச்சு? ஆசிட் இருக்கா, இல்லையா?"

"...இருக்கு."

"மாத்தி ஊத்திட்டியா?"

திரௌபதி மேடையிலிருந்த மெஷினைப் பார்த்தாள்.

"அஜாக்கிரதையால மரணம். கடைக்கு சீல், நீ உள்ளே. லேப் ரிப்போர்ட் வர பதினஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் எங்க விருந்தாளி. ஜீப்ல ஏறு."

"ஏறறேன்." திரௌபதியின் குரல் நடுங்கியது. பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. "அஞ்சு நிமிஷம் கொடுங்க. மெஷினைத் திறந்து பாத்துடறேன். நான் கொன்னிருந்தா எனக்குத் தெரிஞ்சாகணும்!"

பரசுராமன் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"காபி, தண்ணி எல்லாம் சாம்பிள் எடுத்தாச்சு. எங்க கண் முன்னால திற. அன்பரசன், வீடியோ எடுய்யா."

திரௌபதி பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சொம்பில் வடித்தாள். மெஷினைக் கவிழ்த்து, அடியிலிருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினாள். தகடு வந்தது. உள்ளே லாடம் போல வளைந்த அலுமினியக் குழாய். அதில்தான் தண்ணீர் சூடாகி மேலே ஏறும். கிளிப்பைத் தளர்த்தி ரப்பர் டியூபை உருவினாள்.

செல்போன் டார்ச்சைக் குழாய் வாயில் வைத்தாள்.

ஆசிட் பட்டிருந்தால் அலுமினியம் பொங்கியிருக்கும். உள்ளெல்லாம் அரித்துக் குழி குழியாகக் கறுத்திருக்கும்.

'அண்ணாமலையாரே...!'

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

வழவழப்பான சாம்பல் நிறம். வளைவில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. போர் தண்ணீர் உப்பில் கரையாமல் மிஞ்சியது. நகத்தால் சுரண்டினாள். பொடியாக வந்தது.

அவள் ஊற்றியது எலுமிச்சை உப்புத் தண்ணீரேதான்! ஆசிட் என்றால் அந்தக் கோடு பிழைத்திருக்காது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, போன கோபமும் வட்டியோடு வந்தது.

"சார், பாருங்க! நல்லாப் பாருங்க! இதுக்குள்ள ஆசிட் போகவே இல்ல. போயிருந்தா குழாய் இந்நேரம் அணில் கடிச்ச பப்பாளி மாதிரி இருக்கும். என் வேலைல தப்பில்ல!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கோர்ட்ல குழாய் வந்து கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லுமா?"

"அவ ஏமாத்தறா சார்!" மாறன் குதித்தான். "அந்த மெஷின்ல விஷம் இருக்கு. நூத்துக்கு நூறு! தொட்டாலே ஆபத்து!"

"அப்படியா?" என்றாள் திரௌபதி.

டியூபைச் செருகினாள். கிளிப்பை மாட்டினாள். ஸ்க்ரூவை முறுக்கிய வேகத்தில் அது யாருடைய கழுத்தாகவோ இருக்க வேண்டும் என்று அன்பரசனுக்குத் தோன்றியது. சொம்பிலிருந்த அதே தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். காலையில் எடுத்த அதே டப்பாவிலிருந்து காபித்தூளைப் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள்.

"ஏய்... இன்னா பண்றே?"

"டெஸ்டிங் சார். ஓட்டிக் காட்டாம எந்தப் பொருளையும் நான் கஸ்டமர் கைல கொடுத்ததில்ல."

மெஷின் களகளவென்றது. கறுப்பாய், கொதிக்கக் கொதிக்க, தடையில்லாமல் ஜாடியில் இறங்கியது காபி. இரண்டு நிமிடத்தில் வீடு முழுக்க மணம். அந்த நேரத்துக்கு அது கொஞ்சமும் பொருத்தமில்லாத மணம்.

ஒரு டம்ளரில் ஊற்றினாள். சற்று ஆற விட்டாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

இன்ஸ்பெக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பைத்தியமா நீ? என் எதிர்ல விஷம் குடிச்சுச் செத்தேன்னா என் தொப்பி போயிடும்!"

"விடுங்க சார்! இதுல ஒண்ணும் இல்ல!"

"வேணாம்மா..." ராணியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு சாவு போதும். நீ பொம்பளப் புள்ள. வேணாம்மா."

அன்பரசன் ஏற்கெனவே கதவு வரைக்கும் பின்வாங்கியிருந்தார். வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் டம்ளரைப் பிடுங்கி, ஜன்னலோர மேடையில் வைத்தார்.

"முதல்ல நீ ஜீப்ல..."

மாறனின் போன் அடித்தது.

அவன் நம்பரைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"ஆமாண்ணா... எதிர்பாக்கவே இல்ல... இல்லல்ல, செங்கம் ரோட்டு இடம் எங்கயும் ஓடாது. பதினாறாம் நாள் முடியட்டும்... சித்திய நான் பாத்துக்கறேன். நீட்டின எடத்துல கையெழுத்துப் போடுவாங்க..."

பேசிக்கொண்டே அவன் கை மேடையில் தடவியது. டம்ளர் அகப்பட்டது. எடுத்தான்.

ஒரு வாய் குடித்தான்.

பேச்சு தொடர்ந்தது. இன்னொரு வாய்.

மிக அருகில் நின்ற திரௌபதி எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றையும் பார்த்தாள். அந்த நாளில் முதல் தடவையாக, குரலைத் தாழ்த்தினாள்.

"சார்... ஏட்டு அண்ணன வாசல மறிச்சு நிக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"அங்க பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். அன்பரசனின் செல்போன் கேமராவும் பார்த்தது.

மாறன் போனை அணைத்துவிட்டுத் திரும்பினான். எல்லாருடைய கண்ணும் தன் கையில் இருப்பதை உணர்ந்து, அவனும் கையைப் பார்த்தான்.

பாதி காலியான டம்ளர்!

"தூ...!" காபி சுவரில் தெறித்தது. "ஐயோ... துக்கத்துல... கவனிக்காம..."

"லேட்டுடா!" திரௌபதி வெடித்தாள். "மறந்து எடுத்தேன்னு வெச்சுக்கலாம். நாக்குல பட்டதும் தூக்கிப் போட்டிருக்கணுமே? ரசிச்சு ரெண்டாவது வாய் குடிக்கறே! இந்த ரூம்ல எல்லாருக்கும் அந்த டம்ளரைப் பாத்தா பயம். உங்க சித்திக்கு பயம். போலீசுக்கு பயம். இவ்ளோ ஏன், நேத்து ராத்திரி நிம்மதியாத் தூங்கின எனக்கே இன்னைக்குக் காலைல பயம்! மெஷின்ல விஷம்னு கூவின உனக்கு மட்டும் பயமே இல்ல. ஏன்னா அதுல ஒண்ணும் இல்லன்னு உனக்கு ஒருத்தனுக்குத்தான்டா தெரியும்!"

"சார், இவ உளறா..."

"நீ பேசாதே." பரசுராமனின் குரல் மாறியிருந்தது. "நீ சொல்லும்மா. மெஷின்ல இல்லன்னா விஷம் எங்க?"

"ஒரு பொருள் ஓடலன்னா பிளக்குலேர்ந்து ஒவ்வொண்ணா பாத்துட்டே வருவோம் சார். மெஷின் ஓகே. தண்ணி ஓகே. தூள் ஓகே. இவன் குடிச்சும் குத்துக்கல்லாட்டம் நிக்கறான். அம்மா, உங்க வீட்டுக்காரர் காபில இவன் போடாதது வேற இன்னா போடுவாரு?"

ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன் வெறும் கறுப்புக் காபிதான் குடிப்பான். எனக்குக் காபியே ஆகாது. அவரு மட்டும்... நாட்டுச் சக்கரை போட்டுக்குவாரு. தனி டப்பா."

"அது எங்க?"

பதிலுக்கு ராணியம்மாள் முந்தானைக்குள் கை விட்டாள். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாலயே இவன் இதைக் கழுவப் போனான் சார். அவர் கடைசியாத் தொட்டதுடா, கழுவாதேன்னு நான்தான் பிடுங்கி வெச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் மூடியைத் திறந்தார்.

பழுப்புச் சர்க்கரை. அதற்கு நடுவே, அங்கங்கே, சர்க்கரை இல்லாத ஏதோ ஒரு சாம்பல் தூள்.

மாறன் கதவைப் பார்த்தான். கதவில் அன்பரசன். ஜன்னலைப் பார்த்தான். கம்பி.

"சித்தி... நான்..."

பளார்!

ராணியம்மாளின் ஐந்து விரலும் அவன் கன்னத்தில் பதிந்தன.

"இடத்தை விக்க மாட்டேன்னாரு. அதுக்காடா? உன் தட்டுல சோறு போட்டுட்டு அப்புறம்தானடா அவரு உக்காருவாரு! உனக்கு இன்னாடா கொறை வெச்சோம்?"

இன்னொரு அறை. மூன்றாவது அறைக்கு அவளுக்குத் தெம்பில்லை. திரௌபதி தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்தே கேட்டான் சார்," என்றாள், பல்லைக் கடித்தபடி. "எது ஆசிட்டு, எது எலுமிச்சை உப்புன்னு. ரெண்டும் ஒரே பாட்டிலாச்சேன்னு சிரிச்சான். பாவி... பழியப் போட ஆள் தேடிட்டுதான் என் கடைக்கே வந்திருக்கான்!"

பத்து நிமிடத்தில் மாறன் ஜீப்பில் இருந்தான், திரௌபதிக்கு என்று ஒதுக்கியிருந்த அதே சீட்டில். டப்பா ஒரு கவரில் ஏறியது. டம்ளர் இன்னொன்றில்.

மெஷினைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார் அன்பரசன்.

"சார், இதையும் கேஸ்ல சேத்துடலாமா? ஸ்டேஷன்லயே இருக்கட்டும்." மூக்கை ஜாடி அருகே கொண்டுபோனார். "நல்லா ஓடுது..."

"எடுத்துட்டுப் போங்கண்ணே." ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள் திரௌபதி. கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. "ஆனா போட்டுக் கீட்டுக் குடிச்சுடாதீங்க. இப்பத்தான் ஒருத்தன் அதுல ரெண்டு வாய் குடிச்சுட்டு ஆயுசு பூரா ஜெயில் காபிக்குப் போறான்!"